கிழக்குக் காட்டை மூடி வைத்த வருஷங்கள்

என் மனைவிக்கு அவளுடைய அப்பா விட்டுப் போனது ஒன்பது ஏக்கர் மேய்ச்சல் நிலமும் முப்பத்திரண்டு செம்மறிகளும். காங்கேயத்துக்குத் தெற்கே, ஊதியூர் மலையடிவாரத்துச் சரிவில் இருக்கிறது அந்த நிலம். இப்படிப்பட்ட நிலத்தை எங்கள் சீமையில் கொறங்காடு என்பார்கள். சரளை மண். உழுது பயிர் வைத்தால் தேறாது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே தானாக முளைத்து நிற்கும் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் ஆடுகளை உள்ளே விட்டு, வேலி வாசலில் படலைச் சாத்திவிட்டால் பொழுது சாயும்வரை அவை தாமாக மேயும். பின்னால் ஆள் நடக்க வேண்டியதில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் அவிநாசிப் பக்கத்துக்காரன். புல் என்றால் எனக்கு வரப்பில் முளைப்பது, அவ்வளவுதான். பதினெட்டு வயதிலேயே திருப்பூருக்கு வந்து பனியன் துணி பின்னும் மெஷின்களுக்கு ஃபிட்டர் ஆனேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கதவு. அவள் பக்கத்தில் ஒரு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமனார் ஒரு மாசி மாதத்தில் திடீரென்று போய்விட்டார். மாமியார் அதற்கு முன்பே இல்லை. இவள் ஒரே பெண். காரியம் முடிந்த அன்றே ஒரம்பரைகள், சொந்தக்காரர்கள் எல்லாம், ஆட்டை விற்றுவிடு, காட்டைக் குத்தகைக்கு விடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஒரு வருசம் நாமளே பாத்தா என்னங்க? முடியலீன்னா அப்பறம் வித்துப்போடலாம்."

எனக்கு விருப்பமில்லை. ஆனால் கல்யாணமாகி அதுவரை அவள் எதையும் தனக்காகக் கேட்டதில்லை. அதனால் சரி என்றேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, காட்டின் மேட்டில் இருந்த மாமனாரின் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். நான் தினமும் டிவிஎஸ் வண்டியில் காங்கேயம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போனேன்.

காடு மூன்றாகப் பிரிந்திருந்தது. மேற்குக் காடு, நடுக்காடு, கிழக்குக் காடு. நடுவிலும் கிளுவை வேலிதான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூங்கில் படல். ஒரு நேரத்தில் ஒரு காட்டில்தான் ஆடு மேயும். மற்ற இரண்டும் மூடிக் கிடக்கும். மேய்ந்து மேய்ந்து புல் நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு காட்டை, ஐப்பசி மழைக்கு முந்தியே மூடி, புல் வளர்ந்து கதிர் விட்டு விதை உதிரும்வரை, ஆடு வாய் வைக்காமல் காக்க வேண்டும் என்பாள்.

"பச்சையா இருக்கறப்ப விடாம, காஞ்சப்பறம் விட்டு என்ன பிரயோசனம்?" என்றேன் ஒருமுறை.

"வெதை உதிர்ந்தப்பறம் உள்ள விட்டா, ஆடே மிதிச்சு அதை மண்ணுக்குள்ள அமுக்கிருமுங்க. அடுத்த மழைக்கு அது மொளைக்கும். பச்சையிலயே விட்டா இந்த வருசத்துப் புல்லு மட்டுந்தான் நமக்கு."

அவள் சொல்லும்போது சரியாகத்தான் பட்டது. ஆனால் கேட்டுக்கொள்வது வேறு, பசித்த ஆட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்வது வேறு.

முதல் வருஷம் நன்றாகவே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வேலி ஓரமாக நடப்போம். ஓட்டை விழுந்த இடத்தில் கிளுவைக் குச்சியை வெட்டி நடுவாள். குச்சி தானாக வேர் பிடித்துவிடும். நான் குழி தோண்டித் தருவேன். லைன் வீட்டில் ஐந்து வருஷம் பேசாத பேச்செல்லாம் அந்த வேலி ஓரத்தில் பேசினோம். அவளுக்குச் சிரிப்பு இவ்வளவு வரும் என்பதே எனக்கு அங்கே வந்துதான் தெரிந்தது.

அதற்கு முன் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கிக் கலைந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. காட்டுக்கு வந்த இரண்டாவது வருஷம் மறுபடியும் தங்கியது. ஐந்தாம் மாதம் திருப்பூரில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனிப் பிரசவம்வரை படுத்தேதான் இருக்க வேண்டும், குனிவது நிமிர்வது கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவிநாசியிலிருந்து என் அக்கா சமையலுக்கு வந்து தங்கினாள். வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஆட்டுப்பட்டி தெரியும். காடு தெரியாது. மேட்டு விளிம்பு மறைத்துவிடும்.

அந்த வருஷம்தான் மழை பொய்த்தது. ஆடியில் ஒரு தூறலோடு சரி. புரட்டாசி முடிவதற்குள் மேற்குக் காட்டிலும் நடுக்காட்டிலும் புல் இருந்த இடம் மட்டும்தான் இருந்தது. மரத்தடியில் உதிர்ந்த வேலங்காயைக்கூட ஆடுகள் ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டன. நான் சோளத்தட்டு வாங்கி வந்து போட்டேன். போதவில்லை. கட்டிலிலிருந்தபடியே அவள் சொன்னாள்.

"ஆடு எச்சா இருக்குதுங்க. இந்தக் காடு இப்ப இருக்கற இருப்புக்கு இருவதுகூடத் தாங்காது. ஒரு பத்தை வித்துருங்க."

"பாக்கலாம்" என்றேன்.

பட்டிக்குப் போய் நின்று பார்த்தேன். பாதிக்கு மேல் சினை ஆடுகள். வியாபாரி வந்தால் எதற்காக வாங்குவான் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே ஒருத்தி அசையாமல் படுத்திருக்கிறாள், வயிற்றில் எங்கள் பிள்ளை. நான் வெளியே நின்று சினை ஆடுகளை எண்ணி ஏற்றி அனுப்புவதா? கை வரவில்லை. அவளிடம் காரணத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. கேட்டபோதெல்லாம், "ஆள் வர்றேன்னிருக்கறான்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. ஒரு வாரத்தில் மூன்று காடும் பச்சை கட்டின. ஆடுகளை நடுக்காட்டில் விட்டேன், பிறகு மேற்கில் விட்டேன். நாலு விரல் உயரம் வருவதற்குள் கடித்துவிட்டன. பதினைந்து நாளில் இரண்டும் பழையபடி ஆகிவிட்டன. கிழக்குக் காடு மட்டும் முழங்காலைத் தொடப் பார்த்தது. அந்த வருஷம் மூடி வைக்க வேண்டிய காடு அது. வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகள் வரிசையாக நின்று, அந்தப் பக்கத்துப் பச்சையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. காலையில் நான் வண்டி எடுக்கும்போதும் கத்தின. சாயங்காலம் வந்து இறங்கும்போதும் கத்தின.

கம்பெனியில் என்னோடு வேலை செய்த ஆபரேட்டர் ஒருவர் இராமநாதபுரத்துப் பக்கம். அவர் அப்பா ஆட்டு மந்தை வைத்திருந்தவர். டீ குடிக்கும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னண்ணே இது, புல்லு கெடக்கையில யாராச்சும் பூட்டி வைப்பாகளா? ஆடு பட்டினி கெடந்தா அந்தப் புல்லு எதுக்குண்ணே? எங்கூர்ல ஒரு காடு தீந்தா அடுத்த காடு, அது தீந்தா அடுத்த ஊருன்னு போய்க்கிட்டே இருப்போம்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அவர்கள் நூறு மைல் நடப்பவர்கள். கடித்த இடத்துக்குத் திரும்பிவர அடுத்த வருஷம் ஆகிவிடும். அதுவரை அந்த நிலம் தானாக ஆறிக்கொள்ளும். வேலிக்குள் அடைபட்ட ஒன்பது ஏக்கருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ஒரு சாக்கு கிடைத்தது என்றுதான் தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் கிழக்குக் காட்டின் படலைத் திறந்துவிட்டேன்.

ஆடுகள் ஓடவில்லை, பாய்ந்தன. தலை குனிந்த ஆடு ஒன்றுகூட அரைமணி நேரம் நிமிரவில்லை. புல் அறுபடுகிற சத்தம் மழை பெய்வது போலக் கேட்டது. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. அந்தச் சந்தோஷத்தை அவளிடம் சொல்ல முடியாது என்பது வீட்டுக்குள் நுழையும்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள். "இன்னைக்கு எங்கீங்க மேஞ்சது?"

"நடுக்காட்டுலதான்."

"கெழக்கால மூடித்தானே இருக்குது?"

"மூடித்தான் இருக்குது அம்மணி. நீ வெசனப்படாம படு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் மட்டும் விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் ஒரு வாரமானது, ஒரு வாரம் ஒரு மாதமானது. தினமும் கேட்பாள், தினமும் சொல்வேன். சில நாள் நடுக்காடு என்பேன், சில நாள் மேற்கு என்பேன். எந்த நாளில் எதைச் சொன்னேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொண்டே வருவேன். கதிர் விட வேண்டிய புல் ஒரு சாணுக்குமேல் எழவேயில்லை. எழுந்த துளிரையெல்லாம் கடித்துக்கொண்டேயிருந்தன. பிறகு துளிரும் வரவில்லை. ஆடுகள் மண்ணோடு ஒட்டிப் பல்லால் இழுத்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு சாயங்காலம், பட்டியில் ஆடுகளை அடைத்துவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். மனைவி என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை புரண்டது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்படியே, குரல் மாறாமல் சொன்னாள்.

"கெழக்கால மேஞ்சது போதுமுங்க. நாளைக்கு மூடிருங்க."

கையை எடுக்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"அக்கா சொல்லுச்சா?"

"அக்காவுக்கு என்னங்க தெரியும்? ஆட்டோட பின்பக்கத்தைப் பாத்தாத் தெரியாதுங்களா? காஞ்சதைத் தின்னா புழுக்கை கல்லு மாதிரி உழுவும். எளம்பச்சையத் தின்னா கழியும். வால் பூரா பச்சையா அப்பிட்டு வந்துச்சு. இந்த ஜன்னல்ல இருந்து அதுதான தெரியுது எனக்கு."

"எப்ப இருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியுமுங்க."

ஐந்து வாரம். தினமும் கேட்டு, தினமும் நான் சொன்ன பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள்.  "ஏன் அம்மணி சொல்லல?" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகப் பட்டியைக் காட்டினாள்.

"சொல்லோணும்னு தினமும் நெனைப்பேனுங்க. ஆனா அதுக பசியில கத்துனத நானுந்தானே கேட்டுட்டுப் படுத்திருந்தேன். நீங்க தொறந்துவிட்ட அன்னைக்குத்தான் சத்தம் நின்னுச்சு. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதான் நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

சினை ஆடுகளை ஏன் விற்கவில்லை என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். மறுநாள் காலையில் கிழக்குக் காட்டை மூடினேன். ஆனால் மூடுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

தை மாதம் திருப்பூர் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறை மாதம்தான், ஆனாலும் நல்ல சத்தமாக அழுதது. குட்டி போட்ட ஆடுகளும் பிழைத்துக்கொண்டன. அந்த ஒரு மாதம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவள் கிழக்குக் காட்டைப் பார்க்கக் கிளம்பினாள். சித்திரை வெயில். நான் பின்னாலேயே போனேன். படலைத் திறந்ததும் நின்றுவிட்டாள். சிவந்த மண் சரளை தெரிய மொட்டையாகக் கிடந்தது. காற்றடித்தால் மண் எழுந்து கிளுவை இலைமேல் படிந்தது. அவள் குனிந்து ஒரு புல் தூரைத் தொட்டாள். அது வேரோடு கையில் வந்துவிட்டது. வேர் நூல் போலக் காய்ந்திருந்தது. இன்னொன்றைத் தொட்டாள், அதுவும் வந்தது. நாலைந்து இடத்தில் அப்படிப் பார்த்தாள்.

"தூரே போயிருச்சுங்க" என்றாள்.

"என்ற தப்பு அம்மணி."

"நானும் வாயைத் தொறக்கலீங்களே. தொறந்திருந்தா அன்னைக்கே மூடியிருப்பீங்க. ரெண்டு பேருந்தான் பண்ணுனோம். ரெண்டு பேருமே சரி பண்ணலாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் ஆடுகளைக் குறைத்தோம். குட்டிகள் பால் மறந்ததும் எந்தெந்த ஆடு போக வேண்டும் என்று அவளே தொட்டுக் காட்டினாள். பதினான்கு ஆடுகளை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினோம். வண்டி போகும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. உலையை நானே வைத்தேன்.

அடுத்தது விதை. வெளியே வாங்கலாம் என்றேன். வேண்டாம், இங்கேயே இருக்கிறது என்று என்னை வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கிளுவைத் தூருக்கு நடுவே, முள்ளுக்குப் பயந்து ஆடு வாய் வைக்காத இடங்களில், கொழுக்கட்டைப் புல் ஒரு கோடாக உயிரோடு இருந்தது. அடுத்த மழைக்கு அது கதிர் விட்டது. பஞ்சு போன்ற அந்தக் கதிர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் உருவி எடுத்தோம். முழங்கை வரை முள் கீறிவிடும். குழந்தையை மரத்தடியில் தூளியில் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக உருவிக்கொண்டு போவோம். தைக்குள் இரண்டு சாக்கு சேர்ந்தது. நான் உடனே தூவிவிடலாம் என்றேன்.

"புது வெதை மொளைக்காதுங்க. ஆறு மாசமாச்சும் கெடக்கோணும்."

அவள் சொன்னபடியே, அந்தச் சாக்குகளை எலி ஏறாத இடத்தில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அதுவரை அவசரப்பட்டே பழகியவன் நான். மெஷினில் ஊசி உடைந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி மாற்ற வேண்டும், இல்லையென்றால் துணி முழுக்கக் கோடு விழுந்துவிடும். ஒரு வேலையை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, சும்மா இருப்பதும் அதில் ஒரு பகுதிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் அண்ணாந்து சாக்கைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஆடியில் லேசான மழைக்குப்பின் மண்ணைக் கீறி ஒரு சாக்கு விதையை விதைத்தோம். பத்து நாள் கழித்து ஒரே மழை, கொட்டித் தீர்த்தது. நிலம் சரிவு. மேல்மண்ணோடு விதையும் அடித்துக்கொண்டு போய்க் கீழ் வேலியில் அடைந்துவிட்டது. விதைத்த இடம் மொட்டையாக இருந்தது. வேலியடியில் மட்டும் மெத்தை போல முளைத்தது. நான் அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"விடு அம்மணி, போதும். அது நம்மள மன்னிக்காது" என்றேன்.

"காட்டுக்கு என்னங்க கோவம்? வேர் இல்லாத மண்ணு ஓடுது, அவ்வளவுதான். ஓடறதை நிறுத்தோணும்."

மறு வாரம் கம்பெனியில் அந்த இராமநாதபுரத்து ஆபரேட்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் சொன்னதுனாலயாண்ணே?"

"உங்க பேரைச் சொல்லி நான் தொறந்துக்கிட்டேன். அவ்வளவுதானுங்க."

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் காட்டுக்கு வந்து நின்றார். கையில் பெரிய அரிவாள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்க வேண்டும் என்பது என் மனைவியின் யோசனை. அடுக்கிய கல்லுக்கு மேல்பக்கம் முள்ளை வெட்டிப் பரப்பினால் ஓடிவரும் மண் அதில் தங்கும், ஆடும் தொடாது என்பது அவருடைய யோசனை. அன்று நாங்கள் நால்வரும் சாயங்காலம்வரை கல் பொறுக்கினோம். மதியம் மரத்தடியில் உட்கார்ந்து கம்மஞ்சோறும் மோரும் சாப்பிட்டோம். அவர் மனைவி என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தன் ஊரில் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற மாதிரி எதையோ முனகிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு நாலைந்து ஞாயிறு வந்தார்கள். வரவேண்டாம் என்றாலும் வந்தார்கள். இரண்டு குடும்பமும் பழகிப்போனோம்.

மிச்சமிருந்த விதையை அந்தக் கல் வரிசைகளுக்கு மேலே, முள்ளுக்கு இடையில் மட்டும் தூவினோம். காடு முழுவதும் தூவ ஆசைப்படவில்லை. ஐப்பசி மழைக்கு அங்கங்கே பச்சை தெரிந்தது. அதில் பாதி செத்தது. பாதி தூர் கட்டியது. அதற்கடுத்த வருஷம் அந்தத் தூர்கள் தாமாக விதை உதிர்த்தன. வரிசைகளுக்கு நடுவிலும் முளைக்கத் தொடங்கியது. மேற்குக் காட்டில் வேலங்காய் தின்ற ஆடுகளின் புழுக்கையை அவள் ஒரு கூடையில் வாரிக் கிழக்கில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தாள். அதிலிருந்து ஏழெட்டு வேலஞ்செடி எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் முள் கட்டி வைத்தாள். இதற்குள் எங்கள் மகள் நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கி, பதினான்கு ஆடுகளுக்கும் பெயர் வைத்து முடித்திருந்தாள்.

இடையில் ஒரு கோடை மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆடுகள் மறுபடியும் வேலி ஓரத்தில் நின்று கத்தின. நான் ஒருநாள் வேலைக்குப் போகாமல் பட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையை எனக்கே நம்ப முடியவில்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பேசி, அன்றே இன்னும் மூன்று ஆடுகளை விற்றோம். மற்றதற்குத் தட்டும் வேலங்காயும் போதுமானதாக இருந்தது. கத்தல் அடங்கியது. இதை முன்பே செய்திருக்கலாம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

மூடிய நான்காவது வருஷம் தை மாதம், கிழக்குக் காட்டில் புல் இடுப்பளவு காய்ந்து நின்றது. கதிரைத் தடவிப் பார்த்தால் விதை ஏற்கெனவே கொட்டிப்போயிருந்தது. இனி விடலாம் என்றாள். நான் அன்றைக்கு லீவு போட்டேன். படலைத் திறந்துவிட்டு இருவரும் ஓரமாக நின்றோம். ஆடுகள் உள்ளே போகவில்லை. அதில் பெரும்பாலானவை அந்தக் காடு மூடிய பிறகு பிறந்தவை. அங்கே ஒரு வழி இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. படலடியில் குழம்பி நின்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டன.

"இதென்னுங்க, சம்பந்தி ஊட்டுக்கு வந்த மாதிரி வெக்கப்படுதுக" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மகள் ஒரு குட்டியைக் கழுத்தோடு கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அதன் தாய் பின்னாலேயே போனது. பிறகு எல்லாம் போயின. புல்லுக்குள் முதுகுகள் மட்டும் தெரிந்தன. முன்பு போலப் பாயவில்லை. ஒரு வாய் கடிப்பதும் நாலடி நடப்பதுமாக, நிதானமாக மேய்ந்தன. அவள் காட்டின் நடுவில் போய்க் குனிந்து, ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதினெட்டு நாள் மேயவிட்டோம். பத்தொன்பதாம் நாள் காலையில் பார்த்தபோது, புல்லில் பாதி அப்படியே நின்றிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாராளமாக விடலாம். ஆடுகளை நடுக்காட்டுப் பக்கம் ஓட்டிவிட்டு நான் கிழக்குப் படலை இழுத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். திரும்பி வந்து சொன்னபோது அவள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நெறைய இருக்குதுங்களே" என்றாள்.

"இருக்கட்டும் அம்மணி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.